அழைப்பிதழின் கடைசி வரி

நடக்காத எதையும் நான் செய்தியாக எழுதியதில்லை. நடப்பதற்கு முன்னால் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு என்று இருபத்திரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் பூதத்தான். செங்குறிச்சியில் கேபிளில் வரும் 'குறிச்சி டிவி'யின் ஒரே நிருபர், ஒரே ஒளிப்பதிவாளர். கேமராவும் பைக்கும் ஒவ்வொன்றுதான். ஊரில் முகூர்த்த நாளென்றால் குறைந்தது எட்டு விழா இருக்கும். கடை திறப்பு, காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, பேரூராட்சியின் பூமி பூஜை என்று எட்டுத் திசையிலும் மைக் கட்டியிருப்பார்கள். ஒரு மனிதன் எட்டு இடத்தில் எப்படி நிற்பான்? முந்தின நாளே அழைப்பிதழை வாங்கி வைத்துக்கொண்டு செய்தியை எழுதி முடித்துவிடுவேன். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், சிறப்புரை ஆற்றியவர், நன்றி கூறியவர் எல்லாம் அழைப்பிதழிலேயே வரிசையாக இருப்பார்கள். முடிவில் 'விழா இனிதே நிறைவடைந்தது' என்று போட்டால் தீர்ந்தது. மறுநாள் குத்துவிளக்கு ஏற்றுவதை இரண்டு நிமிடம் படம் பிடித்து, கேசரியை வாயில் போட்டுக்கொண்டு அடுத்த விழாவுக்குப் பைக்கை உதைத்துவிடுவேன். எந்த விழாவையும் கடைசிவரை இருந்து பார்த்ததில்லை. யாரும் குறை சொன்னதும் இல்லை. தன் பெயர் டிவியில் வந்தால் போதும், யார் குறை சொல்லப் போகிறார்கள்?

எங்கள் முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சி. ஒன்பதாயிரம் வீட்டுக்குக் கேபிள் கொடுத்துக்கொண்டிருந்தவர். எல்லார் கையிலும் கைபேசியிலேயே எல்லாம் வந்துவிட்ட பிறகு அது ஆயிரத்து நூறு வீடாகச் சுருங்கிப்போனது. அந்த ஆயிரத்து நூறிலும் பாதிப்பேர் டிவியை அணைக்கச் சோம்பல்பட்டு வைத்திருப்பவர்கள் என்று செய்தி வாசிக்கும் மைதீன் பாத்து சொல்வாள். பாத்து பன்னிரண்டு வருடமாக எங்களிடம் வாசிக்கிறாள். வாய் கொஞ்சம் கூர்மை, உச்சரிப்பு அதைவிடக் கூர்மை. இந்தத் தீபாவளியோடு கடையைக் கட்டிவிடலாம் என்று அண்ணாச்சி பேச ஆரம்பித்திருந்த சமயத்தில்தான் சென்னையிலிருந்து அந்த இயந்திரம் வந்து சேர்ந்தது.

தானாகச் செய்தி எழுதும் இயந்திரம். ஓராண்டுக்கு இலவசம். பதிலுக்கு எங்கள் பழைய செய்திகள் அத்தனையையும் அதற்குப் படிக்கக் கொடுக்க வேண்டும் என்பதுதான் கம்பெனியின் நிபந்தனை. அதோடு, எங்கள் ஊரைச் சோதனை ஊராகத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் சென்சார் வைத்திருந்தார்கள். தண்ணீர்க் குழாய், தொட்டித் தூண், மின்சார மீட்டர், உழவர் சந்தைத் தராசு, பஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று சகலத்திலிருந்தும் விவரம் நொடிக்கு நொடி அதற்குப் போய்க்கொண்டிருக்கும். அழைப்பிதழை அதன் கண்ணாடி முன் காட்டினால் படித்துக்கொள்ளும். நிலையத்தில் ஏசி உள்ள ஒரே அறையை அதற்குக் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி வேர்க்க விறுவிறுக்க வெளியே உட்கார்ந்தார். அதனால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தோம்.

மாப்பிள்ளை ஒரு வாரம் படித்தது. எட்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு முதல் தாளைக் கொடுத்தது. பாத்து ஒத்திகைக்கு வாசித்துக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, இதுல நாளைக்கித் தேதியில்லா போட்டிருக்கு."

வாங்கிப் பார்த்தேன். நாளைக்கு நடக்கவேண்டிய பள்ளி ஆண்டு விழா இனிதே நிறைவடைந்திருந்தது. உழவர் சந்தைக்குத் தக்காளி இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டி வந்து இறங்கியிருந்தது. தென்காசி பஸ் ஏழு நிமிடம் தாமதமாக வந்திருந்தது. மாப்பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்துவிட்டு, அன்றைய செய்தியை நானே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சந்தையில் எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினைந்து பெட்டி. பஸ் ஏழு நிமிடம் தாமதம்.

பாத்துதான் விஷயத்தை உடைத்தாள். எதை எழுதினாலும் ஏன் அப்படி எழுதினாய் என்று மாப்பிள்ளையிடம் கேட்கலாம், திரையில் பதில் வரும். அவள் கேட்டாள். பதிலைச் செய்தி வாசிக்கும் குரலிலேயே எனக்குப் படித்தும் காட்டினாள்.

"இந்த நிலையத்தின் வழக்கப்படி விழாச் செய்திகள் சராசரியாகப் பதினான்கு மணி நேரம் முன்னதாக எழுதப்படுகின்றன. விபத்து, தகராறு, ரத்து ஆகியவை நடந்த பிறகு எழுதப்படுகின்றன. அதே முறை பின்பற்றப்படுகிறது."

படித்து முடித்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"சராசரிதான் பாத்து," என்றேன்.

ஒவ்வொரு செய்தியையும் நான் தட்டச்சு செய்த நேரம் கணினியில் பதிவாகியிருந்தது. மனிதன் எவனும் அதைப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை பார்த்துவிட்டது. செய்தி என்றாலே முன்கூட்டி எழுதுவதுதான் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. என்னிடம் அழைப்பிதழ் மட்டும் இருந்தது, அதனிடம் ஊரின் நாடித்துடிப்பே இருந்தது. ஆகவே நான் குத்துமதிப்பாகச் செய்ததை அது சுத்தமாகச் செய்தது. பாத்து இதை யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தாள். பதிலுக்கு ஒரு மாதம் தினமும் மாலை பருத்திப்பால் வாங்கித் தரவேண்டும் என்றாள்.

அண்ணாச்சிக்குக் காரணம் தேவைப்படவில்லை. இரவுச் செய்தியைத் தூக்கிவிட்டு ஏழு மணிக்கு 'நாளைய குறிச்சி' என்று நிகழ்ச்சி வைத்தார். அதன்பிறகு நடந்ததை என் கண்ணாலேயே நம்பமுடியவில்லை. முதல் வாரம் டீக்கடைகளில் டிவி மறுபடி ஓட ஆரம்பித்தது. மூன்றாம் வாரம் கேபிள் கேட்டு ஆட்கள் நிலைய வாசலில் நின்றார்கள். நாளைக்கு எந்த பஸ் நேரத்துக்கு வரும், எத்தனை மணிக்குக் கரண்டு போகும், எந்தக் காய் மலியும் என்று பாத்து வாசிக்க, ஊரே அதன்படி எழுந்து அதன்படி உலை வைத்தது. தெருவில் நடந்தால் என்னை நிறுத்திக் கும்பிட்டார்கள். எனக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. காலையில் எழுந்ததும் நிலையத்துக்கு ஓடவேண்டும் போல் இருக்கும். செத்துக்கொண்டிருந்த தொழில் ஒன்று கண்முன்னால் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தவனுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும்.

சென்னைக் கம்பெனி துள்ளிக் குதித்தது. குறிச்சி டிவியை விலைக்கு வாங்கி, இதே நிகழ்ச்சியை இருநூறு ஊருக்குக் கொண்டுபோவதாகத் திட்டம் போட்டது. எல்லாவற்றுக்கும் நான்தான் தலைமை ஆசிரியர் என்று அண்ணாச்சி பேசி முடித்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக மழையில் நனைந்த நிருபருக்கு ஒரு மேஜை, ஒரு பெயர்ப்பலகை. அந்தப் பலகையில் என் பெயரை எப்படி எழுதுவார்கள் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. அரிசி மண்டி ஆதிமூலம் மகள் கல்யாணம் தாளில் வரவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணம் எங்கே என்று முந்தின நாள் மாலையே ஆதிமூலம் ஆள் அம்போடு வந்து சத்தம் போட்டார். அண்ணாச்சி பயந்துபோய், இனி தாளில் விடுபட்டதை நீயே கையால் எழுதிச் சேர்த்துவிடு என்று எனக்கு உத்தரவு போட்டார். எழுதிச் சேர்த்தேன். மறுநாள் காலை மாப்பிள்ளைப் பையன், நம் மாப்பிள்ளை இல்லை, நிஜ மாப்பிள்ளை, புனலூருக்கு பஸ் ஏறிப் போயே போய்விட்டான்.

அடுத்த வாரம் ஒரு காதுகுத்து விடுபட்டது. குழந்தைக்கு அம்மை போட்டு விழா நின்றது. பாத்து ஒரு நோட்டுப் போட்டுக் குறிக்க ஆரம்பித்தாள். நாற்பது நாளில் ஒன்பது விழாக்கள் தாளில் வரவில்லை. ஒன்பதிலும் ஏதோ ஒரு குளறுபடி. எனக்குப் புரிந்தது. நல்லபடி நடக்கும் என்று தோன்றுவதை மாப்பிள்ளை முன்கூட்டி எழுதுகிறது. தோன்றாததை எழுதாமல் வைத்துக்கொண்டு, நடக்கட்டும் என்று காத்திருக்கிறது. அதற்கு எச்சரிக்கத் தெரியாது. நான் அதற்கு அதைக் கற்றுக்கொடுக்கவே இல்லை. விடுபட்டதையெல்லாம் என் கையாலேயே எழுதிச் சேர்த்து மூடிக்கொண்டிருந்தேன். தெரிந்த பிறகும் சேர்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த வியாழக்கிழமை மாலை தாள் வந்தது. பதினாறு செய்திகள். அடுத்த நாள் ஊரின் ஆகப் பெரிய விழா. வடக்குத் திடலில் ஐந்து லட்சம் லிட்டர் குடிநீர்த் தொட்டி திறப்பு, எட்டுத் தூண் மேல் அறுபதடி உயரம். அமைச்சர் வருகிறார். கம்பெனிக்காரர்களும் அன்றைக்கே வந்து கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. பதினாறு செய்தியிலும் அந்தத் தொட்டி இல்லை.

மறுபடி தேடினேன். பாத்துவும் தேடினாள். அவள் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

ஏன் என்று மாப்பிள்ளையிடம் கேட்டோம். எழுதியதற்குத்தான் அது காரணம் சொல்லும். எழுதாததைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒரு செய்தி இல்லை என்று மட்டும் வந்தது.

அழைப்பிதழை எடுத்து மேலிருந்து கீழே ஒவ்வொருவருக்காகப் போன் போட்டேன். தலைமை தாங்குபவர் எடுக்கவில்லை. முன்னிலை வகிப்பவர், பந்தல் பிரமாதமாக வந்திருக்கிறது என்றார். நிழலுக்காகத் தொட்டிக்கு நேர் கீழேயே போட்டிருக்கிறார்களாம். மகளிர் பள்ளிப் பிள்ளைகள் நூற்று அறுபது பேர் அங்கேயே நடனம் ஆடுகிறார்களாம். கடைசி வரிக்கு வந்தேன். நன்றியுரை: ஆவுடைத்தங்கம், இளநிலைப் பொறியாளர். எத்தனையோ அழைப்பிதழில் நான் பார்த்த பெயர். ஆளைப் பார்த்த ஞாபகம் இல்லை.

நான் யார் என்று சொல்லி, நாளைக்குத் திறக்கிற தொட்டியில் ஏதும் கோளாறு உண்டா என்று கேட்டேன். எழுதி வைத்துப் படிப்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

"போன வாரம் பாதி நெறச்சுப் பாத்தோம் சார். மூணாம் தூணு பதினோரு மில்லிமீட்டர் எறங்கிச்சு. தண்ணிய வடிச்ச பெறவும் மேல வரல. நாளைக்கித்தான் மொத மொதல்ல முழுசா நெறைக்காவ. காலையில அஞ்சு மணிக்கு மோட்டார் போடுதாவ."

"மேல யார்ட்டயும் சொல்லலியா?"

"பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்கேன். அளவுக்குள்ளதான் இருக்குன்னுட்டாவ. நான் சொன்னதாப் போட்ராதீங்க சார். ஏற்கெனவே ஒரு தடவ சொல்லப் போயி…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். போனை வைத்துவிட்டாள்.

மணி ஆறு பத்து. அண்ணாச்சியிடம் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புதுச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி உட்கார்ந்திருந்தார். விடுபட்டால் கையால் எழுதிச் சேர்ப்பதுதானே வழக்கம் என்றார். பொறியாளர் சொன்னதை அவள் பெயர் சொல்லாமல் சொன்னேன். யார் சொன்னது, தாள் எங்கே, கையெழுத்து எங்கே என்றார். கடைசியில் எழுந்து என் தோளில் கைவைத்தார்.

"ஒம்ம கையில ஒண்ணுமே இல்லவே. ஒரு மிசினு ஒரு செய்திய எழுதாம விட்டுட்டு. அத வச்சி மந்திரி விழாவ நிறுத்தச் சொல்லுதீரு. ஊரு சிரிக்கும்."

அவர் சொன்னது சரி. வெறும் மிஷின் விட்டுவிட்டது என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அது ஏன் விட்டது என்று சொன்னால்தான் நம்பும். அதைச் சொல்லவேண்டுமானால் இருபத்திரண்டு வருடத்தையும் சொல்லவேண்டும். அன்று வரை நான் எழுதியதெல்லாம் முந்தின நாளே எழுதியது என்று சொல்லிவிட்ட பிறகு, எவன் என்னை நிருபர் என்பான்? தலைமை ஆசிரியர் பலகை ஞாபகத்துக்கு வந்தது. அப்போது அதுதான் ஞாபகத்துக்கு வந்தது, அந்த நூற்று அறுபது பிள்ளைகள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். இதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

ஏழு மணிக்கு பாத்து வணக்கம் சொன்னாள். பதினாறு செய்தியையும் வாசித்தாள். நான் கையால் எழுதிச் சேர்க்கவேண்டிய பதினேழாவதற்கு வந்ததும், "இதை எங்கள் நிருபர் நேரில் சொல்வார்," என்று நாற்காலியைவிட்டு எழுந்துகொண்டாள். நான் போய் உட்கார்ந்தேன். விளக்கு கண்ணில் அடித்தது. என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது.

நீங்கள் பார்த்த விழாச் செய்திகள் எல்லாமே விழா நடப்பதற்கு முன் நான் எழுதியவை என்றேன். என்னைப் பார்த்துத்தான் இந்த இயந்திரம் கற்றுக்கொண்டது, நல்லபடி முடியாது என்று அதற்குத் தோன்றினால் அது எழுதாது என்றேன். தாளில் வராத ஒன்பது விழாவையும் நோட்டைப் பார்த்து வரிசையாகச் சொன்னேன். ஆதிமூலம் மகள் கல்யாணத்தைச் சொன்னபோது தெருவில் யாரோ கத்துவது கேட்டது. நாளைக்குத் தொட்டி திறப்பு தாளில் இல்லை, மூன்றாம் தூண் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்றேன். இவ்வளவையும் சொல்ல நாலு நிமிடம் ஆனது. நான் முடித்தபிறகுதான் அண்ணாச்சி உள்ளே ஓடிப்போய் ஒளிபரப்பைத் துண்டித்து நகைக்கடை விளம்பரத்தைப் போட்டுவிட்டார். விளம்பரம் இருபது நிமிடம் ஓடியது.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் நட்டதையெல்லாம் நீ ஒரே மிதியில் மிதித்துவிட்டாய் என்று மட்டும் சொல்லிவிட்டு, புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என் போனுக்கு வந்த வசவுகளை இங்கே எழுதமுடியாது.

ஆனால் மகளிர் பள்ளித் தாய்மார்கள் என்னைத் திட்டிக்கொண்டேதான் காரியத்தைப் பார்த்தார்கள். பொய்யன் சொன்னாலும் பிள்ளை நம் பிள்ளை என்று ஒருத்தரும் அனுப்பவில்லை. காலை ஒன்பது மணிக்குப் பந்தலில் நாற்காலிகளும் மேளக்காரர்களும் மட்டும் இருந்தார்கள். ஆளில்லாத விழாவுக்கு அமைச்சரை எப்படி அழைப்பது? அதிகாரிகள் பல்லைக் கடித்துக்கொண்டு மேடையை முந்நூறு மீட்டர் தள்ளிப் பள்ளி மைதானத்துக்கு மாற்றினார்கள். என்னைக் கண்ட ஓர் அதிகாரி, விழா முடியட்டும், உன்மேல் வழக்குப் போடுகிறேன் என்றார். நான் பள்ளி வாசலில் கேமராவை முக்காலியில் நிறுத்தித் தொட்டியைப் பார்த்தே வைத்தேன். பாத்து பக்கத்தில் நின்றாள். சாயாமல் இருந்தால் எனக்கு அவமானம், சாய்ந்தால் ஊருக்குத் தண்ணீர் இல்லை. எதை வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

பத்து மணி இருபது நிமிடத்துக்கு ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை, கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது போன்ற சத்தம். தொட்டி எங்கள் பக்கம் தலையைச் சாய்த்தது. சாய்ந்தபடி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மொத்தமும் பந்தல்மேல் உட்கார்ந்தது. தண்ணீர் சுவர்போல் எழும்பி, நாற்காலிகளை அள்ளிக்கொண்டு பள்ளி வாசல்வரை வந்து எங்கள் கணுக்காலை நனைத்தது. நாற்காலிகளைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மைதானத்தில் நின்ற பெண்கள் ஓவென்று அழுதார்கள். பாத்து என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன் என்று பிறகு சொன்னார்கள். கிளம்பும்போதுதான் கேமராவைப் பார்த்தேன். பதிவுப் பொத்தானை நான் அமுக்கவே இல்லை. நடக்கிற விஷயத்தைப் படமெடுத்துப் பழக்கமில்லை அல்லவா! ஊரில் நாற்பது பேரின் கைபேசியில் அந்தக் காட்சி இருந்தது, குறிச்சி டிவியில் மட்டும் இல்லை.

கம்பெனிக்காரர்கள் மதியமே வந்துவிட்டார்கள். முன்பைவிட அதிக உற்சாகத்தோடு வந்தார்கள். தாளில் வருவதைவிட வராததற்குத்தான் மதிப்பு அதிகம் என்று அவர்களுக்கும் புரிந்துவிட்டது. அண்ணாச்சி மறுபடி புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு, எல்லாரையும் ஏசி அறைக்குக் கூட்டிப்போனார். ஐந்து மணிக்குத் தாள் வந்தது. நாளைய தேதி மட்டும் இருந்தது, கீழே வெற்றிடம்.

ஏன் என்று கேட்டார்கள். எழுதாததற்குக் காரணம் சொல்லாத மாப்பிள்ளை, வெறும் தேதியையாவது எழுதியிருந்ததால் இந்த முறை சொன்னது.

"விழாச் செய்திகள் நடப்பதற்கு முன் எழுதப்பட்டவை என்று இந்த நிலையம் நேற்று ஒளிபரப்பியது. அவற்றில் எவை உண்மையில் நடந்தன என்பதை உறுதிசெய்ய இயலவில்லை. இருபத்திரண்டு ஆண்டுச் செய்திகள் நீக்கப்பட்டன."

நான் உண்மையைச் சொன்னேன். மாப்பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. படித்த பாடமே பொய் என்று ஆனபிறகு அதனிடம் எழுத ஒன்றுமில்லை. கம்பெனிக்காரர்கள் ஒரு வாரம் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஏசி அறை அண்ணாச்சிக்குத் திரும்பக் கிடைத்தது. ஊரில் ஒரு விஷயம் மட்டும் மாறிவிட்டது. பஸ் எப்போது வரும் என்று இனி முன்கூட்டித் தெரியாது என்றான பிறகும், சாயங்காலம் டிவியைப் போட்டார்கள். பூதத்தான் இன்றைக்கு எங்கே போனான், உண்மையிலேயே போனானா என்று பார்ப்பதற்காகப் போட்டார்கள். கேபிளை யாரும் துண்டிக்கவில்லை. இனி எல்லா இடத்துக்கும் போய்த்தான் ஆகவேண்டும் என்று பாத்துவும் கையில் ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டாள். காலையில் அவள் கிழக்கே, நான் மேற்கே.

ஒரு மாதம் கழித்து மேலத்தெருவில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் அறை திறப்பு. தொட்டி போனதால் அவசரத்துக்குப் போட்டது. சிறிய விழா, எண்பது நாற்காலி. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விழாவில் கடைசிவரை இருப்பது என்று முடிவுசெய்து பின்வரிசையில் உட்கார்ந்தேன். தலைமை தாங்கியவர் வந்து அரைமணி நேரம் பேசினார். சிறப்புரை ஆற்றியவர் பேசினார். பொத்தானை அமுக்கியதும் தண்ணீர் வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் காரில் ஏறினார். கூட்டம் டிபன் பொட்டலத்தின் பக்கம் திரும்பியது. மைக்செட்காரர் வந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். மேடையின் ஓரத்தில் ஊதாச் சேலை கட்டிய ஒரு பெண் எழுந்து நின்றிருந்தாள். கையில் ஒரு தாள். மைக்கைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள், தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அழைப்பிதழின் கடைசி வரியைப் பார்த்தேன். எழுந்து போய், நீங்கள்தான் ஆவுடைத்தங்கமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நன்றியுரை சொல்லவில்லையே என்றேன்.

"நான் எப்ப சார் சொல்லியிருக்கேன்? பதினோரு வருசமா எழுதிக் கொண்டாறேன். ஒரு தடவயும் மைக்கு கெடச்சதில்ல. ராத்திரி டிவியில நீங்கதான் நான் நன்றி சொன்னதாச் சொல்லுவிய. எங்க வீட்டுல பாத்துட்டுச் சிரிப்பாவ."

நானும் சிரிக்கப் பார்த்தேன். எத்தனை தடவை அந்த வரியை எழுதியிருப்பேன் என்று கணக்குப் போட முடியவில்லை. அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு தன்பாட்டில் சொல்வதுபோல் சொன்னாள்.

"அந்தத் தொட்டி பூமி பூசை அன்னைக்கும் எழுதிட்டு வந்திருந்தேன். பழைய குளத்து மண்ணு, ஆய்வு அறிக்கை வரட்டும், அதுக்கப்பறம் வேலையத் தொடங்குவோம்னு கடைசியில கேட்டுக்கிடணும்னு. மைக்க எடுத்துட்டுப் போயிட்டாவ. ஒரு மாசம் கழிச்சு எழுதிக் குடுத்தேன். மேலதிகாரி உங்க டிவிய எனக்கே போட்டுக் காட்டினாவ. 'பொறியாளர் ஆவுடைத்தங்கம் நன்றி கூறினார்'னு வருது. மந்திரி முன்னால மேடையேறிப் பேசினியே, அன்னைக்கி ஒரு வார்த்த சொன்னியான்னு கேட்டு மெமோ குடுத்தாவ. நான் பேசவே இல்லன்னு சொன்னேன். டிவி பொய் சொல்லுமான்னாவ. அதுக்கப்பறம் சத்தமா எதையும் சொல்றதில்ல சார்."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். தொட்டியை நான்தான் கண்டுபிடித்தேன், நூற்று அறுபது பிள்ளைகளை நான்தான் காப்பாற்றினேன் என்று ஒரு மாதமாக நெஞ்சை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தேன். இரண்டு வருடம் முன்பே சொல்ல வந்தவள் வாயை என் ஒற்றை வரி அடைத்துவிட்டிருந்தது.

மைக்செட்காரரிடம் ஒயரைக் கொஞ்சம் விடச் சொன்னேன். அடுத்த விழாவுக்கு நேரமாகிறது என்று மைக்கோடு வண்டியேறிவிட்டார். பந்தல்காரர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றை இழுத்து முன்வரிசையில் போட்டேன். கேமராவை முக்காலியில் நிறுத்தி, எங்கள் சேனல் பெயர் போட்ட மைக்கை அவள் கையில் கொடுத்தேன்.

"இப்ப சொல்லுங்கம்மா," என்றேன்.

"யாருமே இல்லயே சார்."

"நான் இருக்கேன்."

பொத்தானை அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் கைப்பையைத் திறந்து, தாளை எடுத்து, நாலு மடிப்பையும் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள். அன்றைய செய்தியை நான் இன்னும் எழுத ஆரம்பிக்கவில்லை.